பொறுப்பாளர் என்ற இடத்தில் ஒரு பெயர்

புராஜெக்ட் சார்ட்டர் எழுத வேண்டுமென்றால் எங்கள் மில்லில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் மில் மட்டுமில்லை, வேடசந்தூர்ப் பக்கம் இருக்கிற மற்ற மில்களிலிருந்தும் போன் வருகிறது. "மேடம், செத்த நேரம் வந்து நம்ம பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். நானும் வெட்கமில்லாமல் கிளம்பிப் போகிறேன். திண்டுக்கல்லில் என் வீட்டுக்கே கார் அனுப்புகிறார்கள். டீ, பிஸ்கட், கடைசியில் ஒரு பொன்னாடை. அந்தப் பொன்னாடையைத் தோளில் போடும்போது மட்டும் உடம்பு கூசும். வீட்டுக்கு வந்ததும் அதை மடித்து பீரோவின் அடித்தட்டில் தள்ளிவிடுவேன்.

சார்ட்டர் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு வேலையில் இறங்குவதற்கு முன்னால், இதை எதற்காகச் செய்கிறோம், இதில் என்னென்ன சேரும், என்னென்ன சேராது, எதை நம்பி இறங்குகிறோம், எங்கே சறுக்கலாம், எப்போது முடியும், யார் பொறுப்பு என்று ஒன்றிரண்டு பக்கத்தில் எழுதி, மேலிடத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வது. அவ்வளவுதான். "சேராது" என்பதை எழுதத்தான் நம் ஆட்களுக்கு வராது. எல்லாவற்றையும் செய்து தருகிறேன் என்று தலையாட்டிவிட்டு, பிறகு முழிப்பார்கள். அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். அடுத்தது பொறுப்பாளர். "யாருக்கு நிஜமா வேலை தெரியுமோ, யாருக்கு எல்லா போனும் வருமோ, அவங்க பேரப் போடுங்க. சீனியர்னு போடாதீங்க, மரியாதைக்குன்னு போடாதீங்க" என்பேன். அந்த இடத்தில் என் பேச்சு பாதியில் நின்றுவிடும். தாகம் என்று நினைத்து யாராவது தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுவார்கள். வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன்.

எங்கள் மில்லில் முதல் சார்ட்டரை எழுதியவள் நான். அதற்கு முன்னால் எந்த வேலையும் வாய்ப்பேச்சில்தான் நடந்தது. எம்.டி. எங்கேயோ ஒரு மேனேஜ்மென்ட் வகுப்புக்குப் போய்வந்தார். வந்த கையோடு, இனிமேல் சார்ட்டர் இல்லாமல் ஒரு செங்கல் கூட வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். எல்லாரும் திருதிருவென்று முழித்தபோது, "நான் எழுதித் தாரேன் சார்" என்று எழுந்து நின்றேன். நான் அப்போது புராஜெக்ட்ஸில் உதவி மேனேஜர். ஆன்லைனில் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி வைத்திருந்தேன். அந்தத் தலைக்கனம் இருந்தது, இல்லையென்று சொன்னால் அது பொய்.

வேலை என்னவென்றால் புது எச் பிளான்ட். நூற்பு மில்லுக்குள் காற்றில் ஈரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பஞ்சு பறக்கும், நூல் பொட்டுப் பொட்டென்று அறும். எங்கள் பக்கத்து வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். தண்ணீரைப் பூமாரியாகத் தெளித்து, அதன் வழியாகக் காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிற ஏற்பாடுதான் எச் பிளான்ட். பழையது ஓட்டை உடைசலாகிவிட்டது. கோடைக்கு முன்னால் புதுசு போட்டாக வேண்டும். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று அந்தக் கோடையில்தான் போக வேண்டியிருந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் இருக்கிற தோழியிடம் அவர்கள் எழுதிய சார்ட்டரை வாங்கினேன். நோக்கம், எல்லை, காலம் எல்லாவற்றையும் எங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். "நம்பிக்கைகள்" என்று ஒரு பகுதி வரும். எதையெல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இறங்குகிறோம் என்பது அதில் இருக்கும். அதில் "இப்போது உள்ள தண்ணீரே போதுமானது" என்று ஒரு வரி. அதை அப்படியே விட்டுவிட்டேன். அவர்களுக்கு ஆற்றுத் தண்ணீர். எங்களுக்கு போர்வெல் தண்ணீர், வாயில் வைத்தால் உப்பு. பழைய பிளான்ட்டில் தெளிக்கிற ஓட்டைகள் பெரிசு, உப்பு பிடித்தாலும் தட்டிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். புதுசில் எல்லாம் ஊசிமுனை ஓட்டை. நான் அதை யோசிக்கவேயில்லை.

பொறுப்பாளர் என்ற இடத்துக்கு வந்தபோது கை தானாக நின்றது. நியாயமாக என் பெயரைப் போட்டிருக்க வேண்டும். கம்பெனியைப் பிடித்தது நான், விலை பேசியது நான், டிராயிங் பார்த்தது நான். ஆனால் மெயின்டனன்ஸில் பெரியண்ணன் இருந்தார். மில் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடும். இருக்கிறவர்களிலேயே மூத்த ஃபோர்மேன். புது மெஷின் எது வந்தாலும் அவர் கையால்தான் தேங்காய் உடைத்து சுவிட்சைப் போடுவார்கள். ஆயுத பூஜைக்கு முதல் தட்டு அவருக்குத்தான். அவரை வைத்துக்கொண்டு, வந்து சில வருஷமே ஆன நான் என் பெயரை மேலே போடுவதா? சீ, என்ன நினைப்பார்கள். பெரியண்ணன் பெயரைப் பொறுப்பாளர் என்று போட்டேன். என் பெயரைக் கீழே ஒருங்கிணைப்பாளர் என்று போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் இது ஒரு பழக்கம். வேலையை ஒருத்தர் செய்வார், தலைமை என்று இன்னொருத்தர் பெயர் இருக்கும். பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

தாளை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பெரியண்ணன் கிரீஸ் கையை பனியன் வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இதுல நா என்ன தாயி செய்யணும்?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்ணே. எல்லாம் நான் பாத்துக்கிறேன். உங்க பேரு மேல இருந்தாப் போதும்" என்றேன்.

தாளை வாங்கி மேலிருந்து கீழே ரொம்ப நேரம் பார்த்தார். இங்கிலீஷில் எழுதியது, முழுதும் புரிந்திருக்காது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "எம் பேரத் தப்பில்லாம டைப் அடிச்சிருக்க" என்று சிரித்தார்.

அந்த வருஷம் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. எங்கள் மில்லில் ஐம்பத்தெட்டோடு அனுப்பிவிடுவார்கள். வேண்டியவர்களுக்கு மட்டும் நீட்டிப்பு கொடுப்பார்கள். அவருக்குக் கொடுப்பார்கள் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டோம். அவரும் ஆசையாக இருந்தார். மில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். சின்ன மகள் திண்டுக்கல்லில் பி.எட். சேர்ந்திருந்தாள். "ரெண்டு வருசம் நீட்டிச்சுக் குடுத்துட்டாப் போதும் தாயி. சின்னவ படிப்ப முடிச்சிருவா. பெறகு நத்தத்துப் பக்கம் ஊருக்கே போயிருவோம்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

பிளான்ட் வேலை நடந்த நாளெல்லாம், ஷிஃப்ட் முடிந்து அவர் அந்தப் பக்கம் வருவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குழாய்களைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். "இன்னிக்கி என்ன முடிஞ்சுச்சு? நாளைக்கி என்ன?" என்று கேட்பார். எனக்கு இருந்த அவசரத்தில் எரிச்சலாக வரும். "எல்லாம் போகுதுண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த மனுசனுக்கு வீட்டுக்குப் போகிற வழி தெரியாதா என்று கூட ஒருநாள் மனசுக்குள் நினைத்தேன். நினைத்ததுதான், வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் மட்டும் என்ன, என் முகத்தில் எழுதியிருந்திருக்கும்.

மெஷின் கம்பெனியின் இன்ஜினியர் ஒருநாள் எனக்கு போன் பண்ணினார். தண்ணீரைச் சோதித்துப் பார்த்தீர்களா, உப்பு இருந்தால் அதை எடுக்கிற சாஃப்ட்னர் பிளான்ட் தனியாகப் போட வேண்டுமே என்று கேட்டார். நான் பஸ்ஸில் இருந்தேன். "சார்ட்டர்லயே இருக்கு சார், இருக்கிற தண்ணிதான். நீங்க போடுங்க" என்றேன். நான் எழுதிய தாளையே நான் சாட்சிக்கு இழுத்தேன் பாருங்கள், அந்தத் திமிரை என்னவென்று சொல்வது!

பிளான்ட் ஓடத் தொடங்கியது. தேங்காய் உடைத்தார்கள், கேசரி கொடுத்தார்கள். வெயில் ஏற ஏற, ஊசிமுனை ஓட்டைகளில் வெள்ளை வெள்ளையாக உப்பு அடைத்தது. கழற்றிக் கழுவிப் போட்டால் மறுபடியும் அடைத்தது. உள்ளே காற்று காய்ந்தது. நூல் அறுந்து அறுந்து, வேலை செய்கிற பெண்கள் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி ஓடிக் களைத்தார்கள். வெளிநாட்டு ஆர்டர் போக வேண்டிய நாளில் போகவில்லை.

எம்.டி. கூட்டம் போட்டார். அவர் கோயம்புத்தூர்க்காரர், கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அதுவே பயமாக இருக்கும். சார்ட்டரை மேஜை மேல் வைத்து, பொறுப்பாளர் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இது யாருங்க?" என்றார்.

எல்லாரும் பெரியண்ணனைப் பார்த்தார்கள். அவர் சுவரோரம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் ஏசி அறைக்குள் அவர் அதிகம் வந்ததில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், இது என் தப்பு. தண்ணிய டெஸ்ட் பண்ணாம விட்டது நான். பெரியண்ணனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவர் பேரு சும்மா மரியாதைக்குப் போட்டது" என்றேன்.

எம்.டி. என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, பெரியவருக்காகப் பேசறீங்கன்னு தெரியுதுங்க. நல்ல மனசு. ஆனா அவரு கையெழுத்துப் போட்டிருக்காருங்கல்ல? நாளைக்கு எல்லாரும் சும்மா போட்டதுன்னு சொன்னா, அப்புறம் இந்தப் பேப்பர் எதுக்குங்க?"

"இல்ல சார், நிஜமாவே..." என்று தொடங்கினேன். பக்கத்திலிருந்த ஸ்பின்னிங் மாஸ்டர் என் துப்பட்டா முனையை மேஜைக்கு அடியில் இழுத்தார். "ஒக்காரும்மா. எம்.டி. மூடு சரியில்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அப்போதுதான் பெரியண்ணன் எழுந்தார். "ஆமாங்கய்யா. எம் பொறுப்புதேன்" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். இதை எப்படித் திருப்பித் திருப்பிச் சொன்னாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. அந்த மெஷின் கம்பெனி இன்ஜினியரை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டிருந்தால் விஷயம் தீர்ந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன், தோன்றியது. போன் கையிலேயே இருந்தது. பயம்தான். வீட்டுக்காரருக்கு அப்போது வேலை நிலையில்லாமல் இருந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாற்றியிருந்தோம். நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன், அவர்கள் கேட்கவில்லை என்று அந்த நிமிஷத்திலேயே மனசு ஒரு வக்கீலைப் பிடித்துக்கொண்டது.

வீட்டில் சொன்னேன். "நீ சொன்னேல்ல? இதுக்கு மேல என்ன பண்ணுவ? இம்புட்டு யோசிக்காத, சாப்பிடு" என்றார் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில், பாவமன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டுச் சொன்னேன். மில், பிளான்ட், தண்ணீர் என்று நான் அடுக்கிக்கொண்டே போனதைச் சாமியார் பொறுமையாகக் கேட்டார். "நீ உண்மையைச் சொல்லியிருக்கம்மா. அவங்க ஏத்துக்கல. உன்ன நீயே வதைச்சுக்காத" என்று சொல்லி, பரிகாரமாகக் கொஞ்சம் அருள் நிறை மந்திரம் மட்டும் சொல்லச் சொன்னார். ஐயோ, என்னை யாராவது நாலு வார்த்தை திட்டித் தொலைக்க மாட்டார்களா என்று இருந்தது. எங்கே போனாலும் நல்ல மனசு, நல்ல மனசு என்றுதான் சொன்னார்கள்.

நீட்டிப்பு கிடைத்தவர்கள் பெயர் வந்தது. பெரியண்ணன் பெயர் இல்லை. கேன்டீனில் வழியனுப்பு விழா வைத்தார்கள். குத்துவிளக்கு கொடுத்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். அடுத்த வாரம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, ஒரு மினி லாரியில் கட்டில் பீரோவெல்லாம் ஏற்றிக்கொண்டு நத்தத்துப் பக்கம் ஊருக்கே போனார்கள். சின்ன மகள் கொஞ்ச நாள் அங்கிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் வந்து போனாள் என்று கேள்விப்பட்டேன். காலை பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வகுப்பு போச்சு. அப்புறம் படிப்பை நிறுத்திவிட்டு நத்தத்தில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள் என்றார்கள். அதைக் கேட்ட அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு திண்டுக்கல் வரும்வரை அழுதேன்.

மில்லில் தண்ணீருக்கு சாஃப்ட்னர் பிளான்ட் போட்டார்கள். அதற்கும் சார்ட்டர் எழுதியது நான். இந்தத் தடவை பொறுப்பாளர் என்று என் பெயரையே போட்டேன். வேலை சொன்ன நாளுக்கு முன்னாலேயே முடிந்தது. எம்.டி. எல்லார் முன்னாலும், "பாருங்க, சரியான ஆளு பேரு சரியான இடத்துல இருந்தா எப்படி நடக்குதுன்னு" என்றார். சம்பளமும் ஏறியது. பிறகுதான் பக்கத்து மில்களிலிருந்து கார் வரத் தொடங்கியது.

போன தை மாசம் மில்லில் கூட வேலை செய்கிறவர் வீட்டுக் கல்யாணம், நத்தத்தில். மண்டபத்து கேட்டில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். தொளதொளவென்று ஒரு நீலச் சட்டை, தோளில் பட்டை, கையில் விசில். வண்டிகளை ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்த செக்யூரிட்டி திரும்பியபோது, அது பெரியண்ணன். பார்க்காத மாதிரி உள்ளே போய்விடலாமா என்று கூட ஒரு கணம் நினைத்தேன். நான் அப்படிப்பட்டவள்தான்.

அவர்தான் முதலில் பார்த்தார். "வா தாயி, வா! நல்லா இருக்கியா? வீட்டுக்காரர் வரலையா?" என்று முகமெல்லாம் சிரித்தார். வேப்ப மர நிழலில் தன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். அவர் நின்றார். எவ்வளவு சொல்லியும் உட்கார மாட்டேன் என்றார், டூட்டியாம். அங்கேயிருந்த இன்னொரு செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, "இந்தாப்பா, நானும் இந்தப் புள்ளையும் சேந்துதேன் மில்லுல புது எச் பிளான்ட்டு போட்டோம்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அந்த ஆளும் எனக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பட்டுப் புடவையில் உட்கார்ந்துகொண்டு, அந்த மர நிழலில், மேளச் சத்தத்துக்கு நடுவில் உடைந்துவிட்டேன்.

"என்ன மன்னிச்சிருங்கண்ணே. என் தப்புண்ணே எல்லாம். நான் அன்னிக்கே எந்திரிச்சுச் சொன்னேன், யாரும் காதுல போட்டுக்கல. இன்னொருக்கா அழுத்திச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்ணே."

"அட, அழுவாத தாயி. கல்யாண வீட்டுக்கு வந்துட்டு" என்றார். ஒரு கார் வந்தது, அதை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு மறுபடியும் என்னிடம் வந்தார்.

"அந்தப் பேப்பர்ல எம் பேரு வந்த அன்னிக்கி வீட்ல போய்ச் சொன்னேன். சின்னவளுக்கு அம்புட்டு சந்தோசம். எங்கப்பாதேன் அங்க புராஜெக்ட் மேனேஜர்னு காலேஜ் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. நானும் தெனமும் வந்து பாத்துக்கிட்டேன்ல? பிளான்ட்டு கெட்டுப் போச்சு. சரி, நம்ம பேருல நடந்த வேல, நம்மதேன் சொமக்கணும். அதுல எனக்கு வருத்தமே இல்ல தாயி. வேலை போனதும் கூட, சரி, வயசாச்சுன்னு விட்டுட்டேன்."

தோள் பட்டையை ஒரு விரலால் சரிசெய்துகொண்டார். என்னைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ எந்திரிச்சு நின்னு, அம்புட்டுப் பேருக்கு முன்னாடி, இவரு பேரு சும்மா மரியாதைக்குப் போட்டதுன்னு சொன்ன பாரு. அததேன் தாயி என்னால தாங்க முடியல. அதனாலதேன் நானும் எந்திரிச்சேன்."

உள்ளே தாலி கட்டுகிற நேரம். கெட்டிமேளம் கேட்டது. அவர், "போ தாயி, போயி அச்சதையப் போடு" என்று விரட்டினார். நான் எழுந்திருக்க முடியாமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அத்தனை நாளும், இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று நான் பிடித்துக்கொண்டிருந்தது அன்றைக்கு எழுந்து நின்று சொன்ன அந்த வார்த்தையைத்தான்.